எஃப்சி ஏற்பிக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

கோபியிலிருந்து:
வணக்கமுங்க. இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் ஆன்டிபாடி புரதம், கவட்டை வடிவம். மேலே இரண்டு கவையும் ஒட்டுண்ணியைப் பிடிக்கும். 'எஃப்சி' எனப்படும் கீழ்த்தண்டை நோயெதிர்ப்புச் செல்லின் மேலுள்ள ஏற்பி பிடிக்கும். அந்த ஏற்பிக்குத்தான் பெயர் வேண்டும். 'எதிர்ப்பொருள் ஏற்பி' என்று போட்டுப் பார்த்தேன். ஒட்டுண்ணியை நேராகப் பிடிப்பதே அதுதான் என்று பாதிப் பேர் தேர்வில் எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும்.

பெருந்துறையிலிருந்து:
எஃப்சி என்பது ஆங்கிலத்தில் 'படிகமாகும் துணுக்கு' என்பதன் சுருக்கம். மூலத்தில் உள்ளபடி 'படிகத்துணுக்கு ஏற்பி'. அதுதான் முறை.

பொள்ளாச்சியிலிருந்து:
அந்த மூலப்பெயரே தற்செயலுங்க ஐயா. 1959இல் உயிர்வேதியியலர் போர்ட்டர் முயலின் எதிர்ப்பொருளைப் பப்பாயின் நொதியால் வெட்டினார். ஒரு துண்டு, அதாவது இந்தத் தண்டு, மட்டும் படிகமானது, பெயர் ஒட்டிக்கொண்டது. உடம்புக்குள் படிகம் ஏது? பப்பாயின் வேறெதுவுமில்லை, பப்பாளிப் பாலில் இருப்பதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-2, கோ-5 இரகங்களைப் பாலுக்காக நட்டவர்களைக் கேட்டால் கைத்தோல் உரிந்த கதை சொல்வார்கள். சரி, பேச்சு தடம் மாறுகிறது.

சத்தியமங்கலத்திலிருந்து:
'ஏற்பி'யே பிழை. ஏற்றல் என்றால் இரத்தல். இது இரக்கவில்லை, கவ்வுகிறது. கவை, கவடு, கவட்டை, கவண், கவ்வு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. தண்டுக்குத் தாள் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆகவே 'கவைத்தாள் கவ்வி'.

கோபியிலிருந்து:
தாள் என்றால் பசங்களுக்கு வினாத்தாள்தானுங்க. தவிர, பாடமே நாட்பட்ட தொற்றைப் பற்றியது. கருங்காய்ச்சல் போன்ற நோய்களைத் தரும் லீஷ்மானியா ஒட்டுண்ணியின் மேல் எதிர்ப்பொருள் படிந்தால், பெருவிழுங்கிச் செல் அந்தத் தண்டைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. அப்புறம் கொல்ல வேண்டியதுதானே? அதுதான் இல்லை. நோயெதிர்ப்பை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தைச் சுரந்து, தன் கொல்லும் திறனைத் தானே அடக்கிக்கொள்கிறது. ஒட்டுண்ணி உள்ளேயே குடியிருக்கிறது. எலிகளில் கண்டது இது. இந்த ஏற்பிகளிலும் முடுக்குபவை உண்டு, காமா-2பி என்ற வகை போலத் தடுப்பதும் உண்டு. 'கவ்வி' என்றால் கடித்துக் குதறுவது போல் கேட்கிறதே!

திருப்பூரிலிருந்து:
அப்படியானால் 'ஏற்பி'தான் பொருத்தம். யார் எவரென்று பாராமல் திண்ணையில் இடம் கொடுத்த கதைதானே? தண்டைக் காம்பு என்று கொண்டு 'காம்பேற்பி' என்போம். காம்பு மென்தொடர்க் குற்றியலுகரம். உகரம் கெட்டு ஒழுங்காகப் புணர்கிறது.

பெருந்துறையிலிருந்து:
சங்க வழக்கில் காம்பு மூங்கில். நம் ஊரில் மாட்டு மடிக்காம்பு. வகுப்பில் சிரிப்பார்கள்.

நாமக்கல்லிலிருந்து:
கத்தரிக்காய்க்கும் காம்பு உண்டுங்க, அதற்கு யாரும் சிரிப்பதில்லை. பெயரில் காம்பு கட்டாயம் வேண்டும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் ஓடியும் நோய்க்குறி காட்டாதவர்களிடம் ஐஜிஜி-4 வகை எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும். அந்த வகையின் காம்பு இந்த ஏற்பிகளில் அவ்வளவாக ஒட்டாது. வேறுபாடே காம்பில்தான் இருக்கிறது.

கோபியிலிருந்து:
நேரமாகிவிட்டது. முதல் இடத்தில் 'காம்பேற்பி என்னும் எஃப்சி ஏற்பி', பிறகு வெறும் காம்பேற்பி என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். நன்றிங்க.

சத்தியமங்கலத்திலிருந்து:
நான் கவ்வி என்றுதான் எழுதுவேன். கவண் வேரைப் பற்றி ஒருவரும் மறுமொழி சொல்லவில்லையே?