மருந்தளவுக் கணக்கு, ஒத்த பெயர்கள்: மூத்த தாதியரிடம் ஓர் உதவி

வணக்கம். நான் கொழும்பில் தாதியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். விஞ்ஞானத்தைத் தமிழில் படித்துவிட்டு மருந்தியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் என் போன்றவர்களுக்கு, இக்குழுவிலுள்ள அக்காமாரும் அண்ணாமாரும் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தும் எனக்கு மனப்பாடம்; பரீட்சைக்கு அது போதும், நோயாளர் விடுதியில் (வார்டில்) போதவில்லை. சென்ற வாரம் ஒருவருக்கு இதய மருந்தான டிகொக்சின் 125 மைக்கிரோகிராம் எழுதப்பட்டிருந்தது. கையிலிருந்த மாத்திரையோ 0.25 மில்லிகிராம். அது 250 மைக்கிரோகிராம், ஆகவே அரை மாத்திரை என்று உறுதிசெய்ய எனக்கு இரண்டு தடவை கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தப் பதற்றத்தில், கொடுப்பதற்கு முன் இதயத்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணி, 60க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். பொறுப்புத் தாதி நினைவூட்டினார். (திட்டவில்லை, அதுதான் அதிகம் சுட்டது.)

டொபமின், டொபியூட்டமின் போன்ற ஒத்த மருந்துப் பெயர்களும் குழப்புகின்றன. வகைவாரியாகப் படிப்பதா, விடுதியில் அன்றாடம் காணும் மருந்துகளிலிருந்து தொடங்குவதா? இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைட்டு போன்ற அபாயம் மிகுந்த மருந்துகளை இன்னொருவருடன் சரிபார்க்கையில், இருவரும் தனித்தனியே கணக்கிட்ட பின்னரா விடையை ஒப்பிடுகிறீர்கள்? ஆளணி குறைந்த இரவுக் கடமையில் அதை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்? உங்கள் பழைய குறிப்பேடுகளின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாலும் நன்றியுடையவளாவேன்.