ரிவெர்பரேஷன் டைம்: ‘கார்வை நேரம்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

கூடத்தில் ஒலி அடங்க ஆகும் நேரத்தைக் குறிக்கும் ‘ரிவெர்பரேஷன் டைம்’ (reverberation time) என்ற அளவைக்குத் தமிழில் ‘எதிரொலி நேரம்’ எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. மலைமுகட்டில் பட்டுத் தனியாகத் திரும்பி வருவது எதிரொலி. அதைக் காது பிரித்துக் கேட்கும். கூடத்துக்குள் நடப்பதோ வேறு. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் மாறி மாறிப் பட்ட ஒலி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பிரித்தறிய முடியாமல் நீண்டு, மெல்ல அடங்குகிறது. பாடநூல்களின் ‘எதிர்முழக்கம்’ இதைவிட மேல். ஆனாலும் அந்த ‘எதிர்’ மாணவரை மறுபடி எதிரொலிக்கே இழுத்துப் போகிறது.

இந்த அளவை பிறந்த விதத்தைப் பார்த்தால் எந்தப் பொருளைச் சொல்லில் ஏற்ற வேண்டும் என்று தெரியும். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. சொன்ன சொல் அடங்க 5.5 விநாடி. அதற்குள் பேசுபவர் இன்னும் 12, 15 அசைகளைச் சொல்லியிருப்பார். சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் வந்தது. சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, காதுக்கு ஒலி மறையும்வரை நேரம் குறித்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. இதிலிருந்து வந்த கணக்கு இது: கூடத்தின் கன அளவை மொத்த உட்கவர் பரப்பால் (ஒலியை உறிஞ்சும் பரப்பால்) வகுத்து 0.161ஆல் பெருக்கினால், மீட்டர் கணக்கில், விநாடி கிடைத்துவிடும். ஒலி 60 டெசிபல் இறங்க, அதாவது செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, ஆகும் நேரம் இது. சபைன் ஆலோசனையில் எழுந்து 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலில், ஆள் நிறைந்திருக்கையில், ஏறத்தாழ 1.9 விநாடி. இசைக்கு அது அழகு, வகுப்பறைக்கு ஆகாது.

ஆக, மூலம் நின்ற பிறகும் நிற்கும் ஒலிதான் கரு. அதற்கு நம் இசைக்காரர்களிடம், எழுந்த நாதம் நீண்டு நிற்பதைச் சொல்லும் ‘கார்வை’ இருக்கிறது. தாளக் கணக்கில் அது எண்ணி விடும் இடைவெளி ஆயிற்றே என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அந்த இடைவெளியிலும் முன்பு எழுந்த நாதம் நீண்டுகொண்டுதான் இருக்கிறது, பொருள் முரணவில்லை. சொல் கூட்டுக்கும் வளைகிறது: கார்வை நேரம், கார்வை அறை, செயற்கைக் கார்வை (ஒலிப்பதிவில் கருவியால் சேர்ப்பது).

‘ஒலித்தேய்வு’ம் நல்ல சொல். அதை இதற்குச் செலவழிக்க வேண்டாம். முதல் 10 டெசிபல் இறக்கத்தை மட்டும் வைத்துக் கணிக்கும் அளவை ஒன்று தனியாக இருக்கிறது. அதற்கு ‘முதல்தேய்வு நேரம்’ வேண்டியிருக்கும்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்வோர் ‘செயற்கைக் கார்வை’ வாயில் வருகிறதா என்று சொன்னால் நல்லது.