பழைய டீசல் கார்: ஸ்விஃப்ட்டா, ஐ20-யா, ஃபிகோவா?

ஊர் மன்னார்குடி பக்கம். முதுகுவலி சிகிச்சைக்காக அப்பாவை அடிக்கடி தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. பட்ஜெட் நாலரை லட்சம். 2015 முதல் 2018 வரையிலான வண்டி போதும். மூன்று கார்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

மூன்றையும் அப்பாவை உட்கார வைத்தே ஓட்டிப் பார்த்தேன். ஸ்விஃப்ட் 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன். மைலேஜில் குறையில்லை, உதிரி பாகமும் உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் இன்ஜின் சுழற்சி 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இருக்கும்போது இழுவை குறைவு. வாய்க்கால் மதகில் ஏறித் திரும்பும்போதெல்லாம் கியரைக் குறைக்க வேண்டும். பின்சீட்டும் அப்பாவுக்கு இடுக்கம். எலைட் ஐ20 1.4 லிட்டர், 90 குதிரைத்திறன், ஆறு கியர். அப்பா நிம்மதியாக உட்கார்ந்தது இதில்தான், என் மனசும் இதன் பக்கம்தான். ஃபிகோ 1.5 லிட்டர், 100 குதிரைத்திறன், ஓட்ட அருமை. ஃபிகோவைத் தயாரித்த ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் பாகங்களை நினைத்துத் தயங்குகிறேன்.

மெக்கானிக் ஸ்விஃப்ட் என்கிறார், தம்பி ஃபிகோ என்கிறான். எங்கள் சாலையோ அறுவடை சமயத்தில் டிராக்டர் ஓடி குண்டும் குழியுமாகிவிடும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். கிடைத்திருக்கும் ஐ20 எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது.

டெல்டாவில் ஐ20 டீசலை லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: கிளட்ச், இன்ஜெக்டர், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்தால் பராமரிப்புச் செலவு ஸ்விஃப்ட்டைவிட எவ்வளவு கூடுதலாக வருகிறது?