மல்டிடூல் பாக்கெட்ல வச்சுக்கலாமா? நாளைக்கு முதல் ஷிப்ட், கொஞ்சம் அவசரம்

மதுரை வாசு:
எல்லாருக்கும் வணக்கம். வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியல. நாளைக்குக் காலையில 6 மணிக்கு முதல் ஷிப்ட். டூல்ஸ் நீயே எடுத்துட்டு வந்துடுன்னு சூப்பர்வைசர் மெசேஜ் போட்டிருக்கார். ஊர்லேருந்து கிளம்பும்போது துபாய் சித்தப்பா லெதர்மேன் வேவ் பிளஸ்ங்கிற மல்டிடூல் வாங்கிக் கொடுத்தார், பிளேயர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒண்ணா மடங்குற கருவி. வந்ததுலேருந்து அது ஜீன்ஸ் பாக்கெட்லதான் இருக்கு. இன்னிக்கு சாயந்திரம் பஸ் ஸ்டாண்ட் வாசல்ல போலீஸ் ஒவ்வொருத்தரா நிறுத்திப் பையைச் சோதிச்சாங்க. கைகால் உதறிருச்சு, அப்படியே திரும்பி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். கூடத் தங்கியிருக்கிற பையன் மாட்டினா ஜெயில்தான்னு சொல்றான். கத்தி 3 இன்ச்சுக்கு உள்ளதான் இருக்கு, ஸ்கேல் வச்சு அளந்துட்டேன். இதையே வச்சுக்கலாமா, இல்ல சின்னதா வேற வாங்கணுமா? எது நல்லது? கையில காசும் அதிகம் இல்ல. இன்னிக்கு ராத்திரிக்குள்ள யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

டல்லாஸ் தங்கம்:
பயப்படாதீங்க தம்பி. வேவ் பிளஸ் மாதிரி ஒரு கருவி கிடைக்கிறதே அதிர்ஷ்டம். 18 வேலை செய்யும், கம்பி வெட்டுற பகுதி தேஞ்சா அதை மட்டும் கழட்டி மாத்திக்கலாம், 25 வருஷ வாரண்டி. ஒரே குறை எடை, 240 கிராம், பாக்கெட்டை இழுக்கும். அது வேண்டாம்னா லெதர்மேன்லேயே ஸ்கெலிடூல் பாருங்க, 142 கிராம்தான். ஆனா அதுல கத்திரியும் இல்ல, ரம்பமும் இல்ல. இங்க டெக்சாஸ்ல 2017லேயே சட்டத்தைத் தளர்த்திட்டாங்க, 5.5 இன்ச்சுக்கு மேல போனாத்தான் எங்க கொண்டு போகக்கூடாதுங்கிற கணக்கு வரும். நான் வந்த புதுசுல வீட்ல ஒரு நாற்காலி கிடையாது. யாரோ விட்டுட்டுப் போன கட்டிலை மல்டிடூலாலேயே பிரிச்சு மூணு மாடி தூக்கிட்டு வந்து பூட்டினேன். அன்னிக்கு அந்த பிளேயர் இல்லன்னா அந்தக் குளிர்காலம் முழுக்கத் தரையிலதான் படுத்திருப்பேன்.

ஸ்காபரோ வானதி அக்கா:
தம்பி, முதல்ல எந்த நாடு எண்டு சொல்லுங்கோ. அது தெரியாமல் ஆளாளுக்குப் புத்தி சொல்லி என்ன பிரயோசனம்? என்னைக் கேட்டால் புதுசா வந்த ஆளுக்குக் குறடும் வேண்டாம், மரம் அரியிற வாளும் வேண்டாம். நல்ல கத்தரிக்கோல் ஒண்டு இருந்தால் காணும். நாங்கள் வந்த முதல் வருசம் பேஸ்மெண்ட்ல இருந்தனாங்கள், ஜன்னலால காத்து அடிச்சுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தாளை வெட்டி வெட்டி ஜன்னலுக்கு ஒட்டினதுதான் அந்த வருசம் முழுக்க எனக்கு நினைவு. சாமான் பெட்டி, பால் பெட்டி, பிள்ளையின்ர ஜாக்கெட்டில இருந்த விலைச்சீட்டு எல்லாத்துக்கும் விக்டோரினாக்ஸ் கிளாசிக் எண்ட குட்டி சுவிஸ் கத்தியில இருக்கிற கத்தரிக்கோல் தான். 58 மில்லிமீட்டர், திறப்புக் கோர்வையில கொளுவினால் இருக்கிறதே தெரியாது.

பெர்லின் முகில்:
அக்கா சொல்றது சரி, நாடு தெரியாம பதில் சொல்ல முடியாது. ஜெர்மனியா இருந்தா வேவ் பிளஸ் சிக்கல்தான். ஒரே கையால திறந்து தானாப் பூட்டிக்கிற கத்தியைத் தகுந்த காரணம் இல்லாம வெளியே கொண்டு போகக்கூடாது, ஆயுதச் சட்டம் 42ஏ. 2024 அக்டோபர் கடைசியில இன்னும் இறுக்கிட்டாங்க, பொது விழாக்களுக்கும் நீண்டதூர ரயிலுக்கும் கத்தியே கூடாது. ரெண்டு கையால நகத்தை வச்சுத் திறக்கிற சுவிஸ் கத்தி வாங்குங்க. அதையும் ரயில் ஏறும்போது வீட்ல வச்சுட்டுப் போங்க.

டல்லாஸ் தங்கம்:
சுவிஸ் கத்தியில ஒரு நட்டைப் பிடிச்சுத் திருப்ப முடியுமா? பெரும்பாலான மாடல்ல பிளேயரே கிடையாது. இருக்கிற மாடல்லயும் அது மூக்குக்கண்ணாடி ரிப்பேர் பண்ணத்தான் ஆகும்.

பெர்லின் முகில்:
வீட்டு வேலையில பிளேயர் எத்தனை தடவை தேவைப்படுது? கத்திரியும் ஸ்க்ரூடிரைவரும் தினமும் வேணும். விக்டோரினாக்ஸ் கத்திரி வெட்டுற மாதிரி லெதர்மேன் கத்திரி வெட்டாது. ரெண்டையும் வருஷக்கணக்கா வச்சிருந்து சொல்றேன்.

நியூஜெர்சி பாலா:
கருவி கிடக்கட்டும். அந்த சூப்பர்வைசரை முதல்ல கேக்கணும். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே டூல்ஸை நீ கொண்டு வான்னா என்ன நியாயம்? எனக்கும் வந்த புதுசுல இப்படித்தான், ஷூவிலேருந்து கையுறை வரைக்கும் என் காசு. முதல் சம்பளத்துல பாதி அதுக்கே போச்சு.

ஸ்காபரோ வானதி அக்கா:
அதை ஏன் கேக்கிறியள். வேலை இடம் ஒரு பக்கம், வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். குழாய் ஒழுகுது எண்டு சொன்னால் ஒரு மாசம் கழிச்சு ஆள் வரும். நாங்களே திருத்தினால் டெபாசிட்டில பிடிப்பினம். எங்கட சனமே எங்கட சனத்துக்கு இப்பிடிச் செய்யிறதுதான் மனசுக்குத் தாங்கேலாது.

நியூஜெர்சி பாலா:
சரியா சொன்னீங்க. ஊர்ல இருந்தா பக்கத்து வீட்ல ஸ்பேனர் கேட்டு வாங்கிக்கலாம். இங்க பக்கத்து வீட்ல யார் இருக்காங்கன்னே ஒரு வருஷமா தெரியல.

பெர்லின் முகில்:
எங்க மாடியில ஞாயித்துக்கிழமை சுவத்துல ஆணி அடிச்சதுக்குப் புகார் போட்டாங்க.

மதுரை வாசு:
மன்னிக்கணும், பதட்டத்துல நாட்டையே எழுதல. இங்கிலாந்து, கவென்ட்ரி. மனைவி நர்ஸ், நான் அவங்க விசாவுல டிபென்டன்டா வந்திருக்கேன். வேலை பர்னிச்சர் பூட்டிக் கொடுக்கிறது, வேன்ல வீடு வீடாப் போகணும். 3 இன்ச் வரைக்கும் சட்டப்படி சரின்னு ஒரு வீடியோவுல பாத்துதான் தைரியமா பாக்கெட்ல வச்சிருந்தேன்.

ரீடிங் கார்த்திகா:
வேலைக்காகக் கொண்டு போறது தகுந்த காரணம்னு சட்டத்துலேயே இருக்கு. தைரியமா எடுத்துட்டுப் போங்க. போலீஸ் கேட்டா வேலைன்னு சொல்லுங்க, அவ்வளவுதான்.

லெஸ்டர் அண்ணாச்சி:
வாசு தம்பி, இதைப் பொறுமையா வாசிங்க. கார்த்திகா சொன்னதுல பாதிதான் சரி.

முதல்ல உங்க கருவியைக் கையில எடுத்து வெளிப்பக்கக் கத்தியைக் கட்டைவிரலால தள்ளி முழுசா விரிங்க. டக்குனு ஒரு சத்தம் கேக்கும். இப்ப பின்னால அழுத்திப் பாருங்க, மடங்காது. உள்ள இருக்கிற மெல்லிசான தகட்டை ஒதுக்கினாத்தான் மடங்கும். அதுதான் பூட்டு, உங்க சிக்கல் முழுக்க அதுலதான் இருக்கு. 1988ஆம் வருஷ கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டம் 139ஆம் பிரிவுல, வெட்டுற விளிம்பு 3 இன்ச்சுக்கு மிகாத மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு. பூட்டு விழுற கத்தியை மடக்குக் கத்தியாவே எடுத்துக்க முடியாதுன்னு 1990கள்லேயே நீதிமன்றம் சொல்லிட்டுது. அப்படின்னா நீங்க ஸ்கேல் வச்சு அளந்ததுல பலன் இல்ல. மல்டிடூல்ல இருக்கிற கத்தின்னாலும் இதே கணக்குதான். அதிகபட்ச தண்டனை 4 வருஷம் சிறைன்னு அரசாங்க இணையப் பக்கத்துலேயே போட்டிருக்கு. சாதாரண ஆளுக்கு அவ்வளவு தூரம் போகாம இருக்கலாம். ஆனா நமக்கு விசா இருக்கு. சின்னத் தண்டனையா இருந்தாலும் விசா நீட்டிப்புலயும் ஐஎல்ஆர்ங்கிற நிரந்தரமா தங்குற அனுமதி விண்ணப்பத்துலயும் எழுதியே ஆகணும். உங்க வீட்டம்மா கஷ்டப்பட்டு வாங்கின விசாவுல வந்திருக்கீங்க, இதை லேசா எடுத்துக்காதீங்க.

வேலைக்குப் போறப்போ, வேலையில இருக்கிறப்போ, நேரா வீட்டுக்குத் திரும்புறப்போ காரணம் உண்டு. சாயந்திரம் அப்படியே பாக்கெட்ல போட்டுட்டு கடைக்கும் கோயிலுக்கும் போனா காரணம் இல்ல. எடுத்து வைக்க மறந்துட்டேன்னு மட்டும் சொன்னா அது காரணமா நிக்காது. காரணத்தை நிரூபிக்க வேண்டியதும் நாமதான். கார் டேஷ்போர்டுல கிடந்தாலும் இதே கதிதான். வீட்டுக்குள்ள வச்சிருக்கிறது தப்பில்ல, அதனால சித்தப்பா கொடுத்ததைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

நாளைக்கு வேவ் பிளஸ் வேண்டாம், வீட்லயே இருக்கட்டும். பர்னிச்சர் வேலைக்கு அது தேவையும் இல்ல. இங்க வர்ற மரச்சாமான் ஸ்க்ரூ தலையை உத்துப் பாருங்க. பிளஸ் குறிக்கு நடுவுல, மூலைக்கு ஒண்ணா நாலு மெல்லிய கீறல் இருக்கும். அது பாசிட்ரைவ். உங்க வேவ்ல கூடவே வர்றது பிலிப்ஸ் பிட், அதாவது அந்தக் கீறலுக்குப் பொருந்தாத வெறும் பிளஸ் முனை. அதை வச்சுத் திருகினா கடைசி இறுக்கத்துல வழுக்கித் தலையை அரைச்சுடும். அதையும் வாடிக்கையாளர் பாத்துக்கிட்டு நிப்பார். ராத்திரி திறந்திருக்கிற பெரிய சூப்பர்மார்க்கெட்ல டூல்ஸ் பகுதியில பிஇசட் 2 ஸ்க்ரூடிரைவர் (பாசிட்ரைவ் 2ஆம் அளவு) ஒண்ணு, ஆலன் கீ (ஆறு மூலைக் குழி ஸ்க்ரூவைத் திருகுற எல் வடிவச் சாவி) செட் ஒண்ணு வாங்குங்க, மொத்தமே சில பவுண்டுதான். அட்டைப்பெட்டி பிரிக்க பிளேடு உள்ளே மறைஞ்சிருக்கிற சேஃப்டி கட்டர் வேன்லேயே இருக்கும், சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க. நீங்களா ஸ்டான்லி கத்தி வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்காதீங்க, அதுக்கும் இதே சட்டம்தான்.

ரீடிங் கார்த்திகா:
அண்ணாச்சி சொன்னதை ஏத்துக்கிறேன், வேலை இல்லாத நேரத்தை நான் யோசிக்கல. ஆனா வேலையில நிலைச்ச பிறகு டூல் பையில வேவ் இருக்கிறது உபயோகம்தான். நட்டு பிடிக்க, வளைஞ்ச பின்னை இழுக்க அந்த பிளேயரை அடிச்சுக்க ஆள் இல்ல. லெதர்மேன் பிட் கிட் தனியா விக்கிறாங்க, அதுல பாசிட்ரைவும் இருக்கு.

லெஸ்டர் அண்ணாச்சி:
அதுக்கு மறுப்பில்ல. பையில, ஜிப் போட்டு, வேலை நாள்ல மட்டும்.

வாசு தம்பி, பாக்கெட்ல தினமும் வச்சுக்க ஒண்ணு வேணும்னா சம்பளம் வந்த பிறகு பூட்டு இல்லாததா பாத்து வாங்குங்க. பிளேயர், கத்திரி, பிலிப்ஸ் மூணும் வேணும்னா விக்டோரினாக்ஸ் டீலக்ஸ் டிங்கர். பிளேயர் சின்னதுதான், டல்லாஸ் அண்ணன் சொன்னது நியாயம். ஆனா ரேடியேட்டர் வால்வு மூடியைக் கழட்ட, பிளக் உள்ள இருக்கிற பியூஸை எடுக்க அதுவே காணும். பெரிய பிளேயர்தான் வேணும்னா லெதர்மேன் பாண்ட், பழைய முதல் மாடல் போலவே பண்ணினது, பூட்டு கிடையாது. அதுல கத்திரி இல்லாததுதான் எனக்குக் குறை. காசு குறைவுன்னா கெர்பர் டைம் (Dime), 60 கிராம் சொச்சம், சாவிக்கொத்துல மாட்டிக்கலாம், கெட்டி பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கிழிக்கன்னே ஒரு கொக்கி வச்சிருக்காங்க. விக்டோரினாக்ஸ்லயும் 111 மில்லிமீட்டர் மாடல்களுக்கும் சுவிஸ்டூலுக்கும் பூட்டு உண்டு, பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க. வாங்கும்போது 18 வயசுக்கு மேலன்னு கடையில அடையாள அட்டை கேக்கலாம், உங்க பாஸ்போர்ட்டைக் காட்டலாம். ஊருக்குப் போறப்போ எதுவா இருந்தாலும் செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில வேண்டாம்.

ஸ்காபரோ வானதி அக்கா:
நல்ல விளக்கம் அண்ணாச்சி. தம்பி, போலீசைக் கண்டால் திரும்பி நடக்காதேங்கோ, அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். பொக்கற்றில ஒண்டும் இல்லாட்டில் நேராப் போகலாம்.

மதுரை வாசு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும். பூட்டைப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே டக்குனு விழுது. வேவை அலமாரியில வச்சாச்சு. பிஇசட் 2 கிடைச்சது, ஆலன் கீ செட்டும் வாங்கிட்டேன். ஒரு சந்தேகம், ஆலன் கீ மில்லிமீட்டர்ல வாங்கினது சரிதானே? இன்ச் அளவுலயும் ஒரு செட் இருந்தது.

லெஸ்டர் அண்ணாச்சி:
மில்லிமீட்டர்தான். 4, 5, 6 மூணும் இருக்கான்னு பாத்துக்கோங்க, பெரும்பாலும் அதுதான் கேக்கும். சீக்கிரம் படுங்க, காலையில 6 மணிக்குள்ள போய்ச் சேர பஸ் எப்படின்னு இப்பவே பாத்து வச்சுடுங்க.