தண்ணிக்குள்ள நின்ன கடமான்

கொழிஞ்சாம்பாறைக்காரன்

போன மார்ச்சுல நடந்ததுங்க, இன்னும் மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்குது. ஏழு நாள், அஞ்சு காடு. பரம்பிக்குளம், சின்னாறு, ராஜமலை, தேக்கடி, கடைசியா முதுமலை. டூர் ஏற்பாடு பண்ற ஒருத்தர் போட்டுக் குடுத்த பிளான். காகிதத்துல பாக்கறப்ப அம்சமா இருந்துச்சு.

பரம்பிக்குளம் எல்லாருக்கும் தெரியும். காடு கேரளாவுல, எங்க பாலக்காடு ஜில்லாவுலதான். ஆனா ரோட்டுல போகணும்னா பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத் தமிழ்நாட்டைச் சுத்தித்தான் போகணும். ரெண்டு செக்போஸ்ட், ரெண்டு சீட்டு. அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கலை.

ரெண்டாம் நாள் காலையில துணக்கடவு டேம் பக்கம். கைடு மலசர் பழங்குடி ஆளு, ரொம்பப் பேச மாட்டார். திடீர்னு டிரைவர் தோளைத் தட்டினார். வண்டி நின்னுச்சு. தண்ணிக்குள்ள நெஞ்சளவு ஆழத்துல ஒரு பெட்டைக் கடமான். கரையில நாலு செந்நாய்ங்க. குலைக்கலை, ஓடலை. ரெண்டு படுத்திருந்துச்சு. ஒண்ணு முன்னங்காலை நக்கிட்டு இருந்துச்சு. நாலாவது மட்டும் தண்ணி ஓரம் வரைக்கும் போயி, காலை நனைச்சுப் பாத்துட்டுத் திரும்பி வந்து உக்காந்துச்சு. கடமான் கழுத்துக்கு அடியில முடி கொட்டிச் செவந்த ஒரு இடம். செந்நாய் கடிச்சதோன்னு பயந்துட்டேன். இல்லீங்க, கடமானுக்கு அப்படி வர்றதுதான்னு கைடு சொன்னார். அதோட காது மட்டும் ஆடுது. வேற அசைவே இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் இதுக இப்படியே கிடக்கும். சாப்புட்டுட்டு மறுக்கா வாங்க"ன்னார் கைடு. நாங்க போகலை. மறையூர்ல ரூம் போட்டாச்சு, மத்தியானமே கிளம்பினாத்தான் வெளிச்சத்துல போய்ச் சேரலாம். பொண்ணுக்கு ஒம்பது வயசு. "அப்பா, அது என்னாகும்?"னு கேட்டா. "ஒண்ணும் ஆகாது கண்ணு"ன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமச் சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரியும் கேட்டா. போன வாரமும் கேட்டா.

மீதி அஞ்சு நாள்ல ஞாபகம் இருக்கறது கார் சீட்டுதானுங்க. ராஜமலை கேட் பூட்டியிருந்துச்சு. நீலகிரிக் கூடலூர் வந்தப்ப ஒருத்தருக்கும் வண்டியில ஏற மனசில்லை. இந்தத் தடவை மறுபடியும் ஒரு வாரம் லீவு கிடைக்கும்போல. ஒரே இடமா, நாலு இடமா? போய் வந்தவங்க சொல்லுங்க.

குமுளி ஏலக்காடு

அண்ணே, உங்க பொண்ணு கேட்டதைப் படிச்சதும் எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. அம்மா கம்பத்துல இருந்து தினமும் ஜீப்புல மலை ஏறி ஏலக்காட்டு வேலைக்கு வந்தவுக. முப்பது வருசத்துக்கு மேல. தேக்கடி கேட்டுக்கு முன்னாடி பஸ் ஏறுவாக, ஆனா ஒரு நாளும் உள்ள போனதில்ல. யானைன்னா அவுகளுக்கு ஆகாது. 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பத்துக்குள்ள வந்துச்சே, அப்ப எங்க தெருவே கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்துச்சு. அதுக்கப்புறம் யானைன்னு சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவாக.

போன டிசம்பர்ல நான்தான் பிடிவாதமா மூங்கில் தெப்பத்துக்குச் சீட்டு எடுத்தேன். பெரிய படகு இல்ல, தெப்பம். காலையில போய் சாயங்காலம் வர்றது, நடையும் உண்டு. பத்துப் பேருக்கு அஞ்சு வழிகாட்டி, துப்பாக்கியோட ஒரு வனக்காவலர். எங்க கூட வந்த வழிகாட்டிப் பெரியவர் அந்தக் காலத்துல காட்டுக்குள்ள களவாப் பட்டை உரிச்சவர். அவரே சொன்னாரு: "முன்னாடி இந்தக் காட்டுக்குள்ள ராத்திரிதான் வருவேன். இப்பப் பகல்ல வர்றேன்."

பெரியாத்துத் தண்ணிக்குள்ள மொட்டை மரமா நிக்குமே, 1895ல அணை கட்டினப்ப முங்கின காடு. அதுல ஒரு மரத்துல பாம்புத்தாரா இறக்கையை விரிச்சு காய வச்சுக்கிட்டிருந்துச்சு. நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பெரியவர் மூக்கைத் தொட்டுக் காட்டுனாரு. எனக்கு ஒண்ணும் வாடை தெரியல. துடுப்பைச் சேத்துக்குள்ள குத்தித் தெப்பத்தை நிப்பாட்டிட்டாரு.

அஞ்சு யானை தண்ணிக்குள்ள இறங்குச்சு. நீந்துறப்ப முதுகு முங்கிரும், மேல தும்பிக்கை நுனிதான் தெரியும். பெருசு நாலு தும்பிக்கை, நடுவுல சுண்டுவிரல் மாதிரி ஒண்ணு. அது அப்பப்பத் தண்ணிக்குள்ள போயிரும். அது போகுறப்ப எல்லாம் அம்மா என் கையை இறுக்குவாக, வெளிய வந்ததும் விடுவாக. அக்கரை ஏறுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அப்புறம் "புள்ளைய நடுவுல விட்டுக் கூட்டிட்டுப் போகுதுடி"ன்னாக. அவ்வளவுதான். என் கையில நகம் பதிஞ்ச தடம் மறுநாளும் இருந்துச்சு.

ஒரே இடம்ணே. தெப்பம், நடை, ராத்திரிக் காவல் கூடப் போறதுன்னு ஒரு வாரத்துக்கு இங்க வேலை இருக்கு.

கூடலூர்

குமுளி அக்கா சொல்றதை ஒத்துக்க முடியாது. தேக்கடியில ஏழு நாளா? தெப்பம் ஒரு நாள், நடை ஒரு நாள், அதுக்கப்புறம் பசங்க என்ன பண்ணும்? ஏழு நாள் லீவு வருசத்துக்கு ஒரு தடவை கிடைக்கறது. ஒரே தண்ணியைப் பாத்துட்டு உக்காரச் சொல்றது நியாயமில்ல.

எங்க பக்கம் வாங்க. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு நாலும் ஒட்டிக் கிடக்கற ஒரே காடு. மூணு மாநிலம், நாலு பேர், மிருகத்துக்கு அது தெரியாது. 1973ல புலித் திட்டம் ஆரம்பிச்சப்ப முதல் ஒம்பது இடத்துல பந்திப்பூரும் ஒண்ணு. நான் அங்க புலி பாத்தேன். ரோட்டைக் குறுக்கே தாண்டுச்சு, வலது பின்னங்காலைக் கொஞ்சம் தூக்கி வச்சு நடந்துச்சு, உண்ணிச்செடிப் புதருக்குள்ள போயிருச்சு. அரை நிமிசம் இருக்கும். அந்தக் கால் இன்னும் கண்ணுல நிக்குது. முள்ளா, சண்டையில பட்ட அடியான்னு தெரியல.

இப்ப, கேட்ட அண்ணாவுக்குச் சொல்றேன். முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க, இடத்தை அப்புறம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மலைக்கு மேக்குப் பக்கம் மழை, அட்டை. நடக்கறதா இருந்தா அட்டை ஏறாத காலுறை இல்லாம இறங்காதீங்க, இல்லாட்டி புகையிலைத் தண்ணியை காலுல தேய்ச்சுக்கங்க. கோடையில மிருகம் தண்ணிக்கு வரும், ஏப்ரல், மே மாசம் கபினி அணைத் தண்ணி வத்தி கரையில பச்சைப் புல் முளைக்கும், யானை கூட்டம் கூட்டமா இறங்கும். ஆனா அதே கோடையில காட்டுத்தீ பயத்துல சஃபாரியைத் திடீர்னு நிறுத்தலாம், அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் போன் போட்டு விசாரிங்க. பந்திப்பூர் ரோடு ராத்திரி ஒம்பதுல இருந்து காலை ஆறு வரைக்கும் பூட்டிருவாங்க, 2009ல இருந்தே அப்படித்தான். இது தெரியாம ஒம்பதே காலுக்கு செக்போஸ்ட்ல வந்து நின்னு கெஞ்சற குடும்பத்தை மாசா மாசம் பாக்கறேன். சஃபாரின்னா காலையில முதல் வண்டி, இல்ல சாயங்காலம் கடைசி வண்டி. பத்து மணி வெயில்ல புள்ளிமானும் மயிலும்தான். வனத்துறை வண்டிச் சீட்டை முன்கூட்டியே எடுங்க, ரிசார்ட்காரங்க "நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா சீட்டைக் கண்ணுல காட்டச் சொல்லுங்க. ராத்திரி ரோட்டுல கூட்டிட்டுப் போய் யானை காட்டறேன்னு தனி ஜீப்காரங்க கூப்பிட்டா போகவே போகாதீங்க. அது தப்பு, ஆபத்தும்கூட. வெள்ளைச் சட்டை, சென்ட் வேண்டாம். பைனாகுலர் ஆளுக்கு ஒண்ணு வேணும், ஒண்ணை வச்சு நாலு பேர் பிடுங்கறதுக்குள்ள மிருகம் போயிரும். மூணு ராத்திரி ஒரு பக்கம், மூணு ராத்திரி இன்னொரு பக்கம். அதுக்கு மேல பிரிக்காதீங்க.

அகளி டீச்சர்

கூடலூர் தம்பி, ரூம், சீட்டு பத்திச் சொன்னது எல்லாம் சரி. ஆனா அக்கா சொன்ன யானைக்குட்டியை விட்டுட்டு நேரா புலிக்குப் போயிட்டீங்களே. தெக்க நம்ம காடு அடர்த்தி. புலி இருக்கு, நம்மளைப் பாத்துட்டும் இருக்கு, நமக்குத்தான் தெரியறதில்லை. புலி ஒண்ணை மட்டும் கணக்கு வச்சுப் போனா ஆறு நாள் ஏமாத்தம்தான் மிச்சம். என் அக்கா குடும்பம் அப்படி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரும்பினதை நான் பாத்திருக்கேன்.

நான் அட்டப்பாடியில இருக்கேன். முக்காலியில இருந்து சைலண்ட் வேலிக்குள்ள வனத்துறை ஏற்பாடு பண்ற வண்டியிலதான் போக முடியும், சைரந்திரி வரைக்கும் 23 கிலோமீட்டர். அணை கட்டி முக்கியிருக்க வேண்டிய காடு அது, ஜனங்க போராடி நிறுத்தினாங்க, 1984ல தேசியப் பூங்கா ஆச்சு. எங்க பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன்.

ஒரு தடவை வழியில வண்டி நின்னப்ப, என் செருப்புக்குப் பக்கத்துல சொத்துன்னு என்னமோ விழுந்துச்சு. முள்ளுப் பந்து மாதிரி, பாதி பிளந்த காய். வெடிப்பலா. குனிஞ்சு எடுக்கப் போனேன், இன்னொண்ணு விழுந்துச்சு. மேல பாத்தா சிங்கவால் குரங்கு, முகத்தைச் சுத்தி வெள்ளைப் பிடரி, கன்னம் ரெண்டும் உப்பி இருந்துச்சு. "கருங்குரங்கு பாரு"ன்னு நான்தான் பிள்ளைங்ககிட்டச் சொன்னேன். ஏழாம் கிளாஸ் படிக்கற இருளப் பையன் ஒருத்தன் மெதுவா என் பக்கத்துல வந்து, "டீச்சர், கருங்குரங்கு வேற. அது இலை தின்னும், வாலு நீளம். இதுக்கு வாலு நுனியில குஞ்சம் பாருங்க"ன்னான். மத்த பிள்ளைங்க காதுல விழக்கூடாதுன்னு அவ்வளவு சன்னமாச் சொன்னான். பாத்தேன். குஞ்சம் இருந்துச்சு. எட்டு வருசமா அந்தப் பாடத்தை நடத்திட்டு இருந்தவ நான். அவன் என் மரியாதையைக் காப்பாத்தின விதத்தைத்தான் மறக்க முடியலை.

மறையூர்

முதல்ல எழுதின அண்ணா, மார்ச்சுல ராஜமலைக்கு டிக்கெட் போட்டது உங்க தப்பில்லை. பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசமும் வரையாடு குட்டி போடற காலம், ராஜமலை இருக்கற இரவிகுளம் பூங்காவைச் சாதாரணமா மூடிருவாங்க. அது வருசா வருசம் நடக்கறது, காசு வாங்கினவர் சொல்லியிருக்கணும். கேட் வரைக்கும் வந்து திரும்பற வண்டியைப் பாத்தா எனக்கு மனசு கேட்காது. அதுவும் வயசானவங்களோட வந்தா.

சின்னாறு பத்தி ஒண்ணு சொல்றேன். அது மழை மறைவுக் காடு, வறண்டு கிடக்கும், அதனால வண்டியில போறவங்க ஒண்ணுமில்லைன்னு தாண்டிடறாங்க. கைடோட இறங்கி ஆத்தோரம் நடங்க. சாம்பல் அணில், பூனை அளவுக்கு இருக்கும், கிளையில வயித்தை அமுக்கிப் படுத்துக்கிட்டு வாலைத் தொங்க விட்டுருக்கும். அடியில பத்து நிமிசம் நின்னேன், அசையலை. நான் கிளம்பினதும் அதுவும் எந்திரிச்சுப் போச்சு.

குமுளி ஏலக்காடு

கூடலூர் தம்பி, பசங்க என்ன பண்ணும்னு கேட்டீங்க. என் தங்கச்சி மகன் மூணாவது நாள்தான் போனைக் கீழ வச்சான். நாலாவது நாள் நீர்நாய் எங்க கரையேறும்னு அவனே காட்டுனான். ரெண்டு நாள்ல கிளம்பியிருந்தா அது நடந்திருக்காது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, உங்கம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க. வீட்டுல பேசினோம். நாலு ராத்திரி பரம்பிக்குளம், ரெண்டு ராத்திரி முக்காலி. கன்னிமாராங்கற பெரிய தேக்கு மரம், யானைப் பொங்கலுக்குக் கோழிகமுத்தி யானை முகாம் எல்லாம் பொண்ணு லிஸ்ட்ல இல்லை. துணக்கடவு மட்டும் போதும்ங்கறா. அந்தக் கடமான் அங்கயே நிக்கும்னு நினைக்கறா போல.

டேம் குவார்ட்டர்ஸ்

இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். எங்கப்பா பரம்பிக்குளம் டேம்ல வேலை பாத்தார். கேரளாக் காட்டுக்குள்ள தமிழ்நாடு பொதுப்பணித்துறை குவார்ட்டர்ஸ், நான் வளர்ந்தது அங்கதான். அதனால உங்க பொண்ணுக்காக எழுதறேன்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். இதே மாதிரி ஒரு கடமான், இதே மாதிரி தண்ணிக்குள்ள. செந்நாய் ஆறு. அப்பாவோட நின்னு பாத்தேன். காலையில ஆரம்பிச்சது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்தும் அப்படியே இருந்துச்சு. செந்நாய் பெரும்பாலும் பகல்ல வேட்டையாடறது, வெளிச்சம் குறைஞ்சா அதுகளுக்கும் அவசரம் வந்துரும். நாலு மணி சுமாருக்கு ரெண்டு எந்திரிச்சு நீந்திப் போச்சு. ஆழத்துல செந்நாய்க்குக் கால் எட்டாது, கடமானுக்கு எட்டும். அது முன்னங்காலைத் தூக்கி அடிச்ச சத்தம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டுச்சுன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டும் திரும்பிருச்சு.

அப்புறம் கடமான் அக்கரைக்கு நீந்த ஆரம்பிச்சுது. இந்தக் கரையில ஆறு செந்நாயும் சுத்தி வர ஓடுச்சு, ஆனா அந்த டேமைச் சுத்தி வரணும்னா ரொம்ப தூரம். அக்கரையில ஏறினப்பக் கால் ரெண்டு தடவை வழுக்குச்சு. ஏறி நின்னு உடம்பை உதறினது பாருங்க, சாயங்கால வெயில்ல தண்ணி அத்தனையும் ஒரு வளையமாத் தெறிச்சது. அப்பா என் தலையில கை வச்சிருந்தார், அதை எடுத்துட்டு, "சரி, வீட்டுக்குப் போகலாம்"னார்.

எல்லாக் கடமானும் இப்படித் தப்பிக்கறதில்லை. உங்க கடமான் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் பாத்தது இதுதான்னு பொண்ணுகிட்டச் சொல்லுங்க. போறப்ப துணக்கடவுக்குச் சாயங்காலமாப் போங்க, இருட்டற வரைக்கும் இருங்க.