பிட்காயினுக்கு உண்மையான மதிப்பு உண்டா?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
வணக்கம். நாங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். இருப்பில் உள்ள வெள்ளியில் ஒரு பங்கை விற்று, இணையத்தில் மட்டுமே புழங்கும் நாணயமான பிட்காயின் வாங்கலாம் என்று என் தம்பி வற்புறுத்துகிறான். வெள்ளி கொலுசாகும்; ஆகாவிட்டாலும் எடைக்கு விலை உண்டு. பிட்காயினின் மதிப்பு எதை நம்பி நிற்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (அஸ்தம்பட்டி, மென்பொருள் துறை):
ஐயா, கையில் பிடிக்க முடியாததாலேயே மதிப்பில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. 2009-இல் இயங்கத் தொடங்கிய பிட்காயினின் மொத்த எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாதபடி விதி அமைந்திருக்கிறது. கணக்குப் பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருப்பதால், எந்த அரசும் தன் விருப்பப்படி கூடுதலாக வெளியிட முடியாது. வங்கியின் துணையின்றி நாடு விட்டு நாடு அனுப்பவும் முடிகிறது. மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பதில் (ஏற்காடு, காப்பித் தோட்டம்):
நண்பர் கூறிய தகவல்கள் சரியானவை. ஆனால், கிடைப்பதற்கு அரிது என்பது மட்டும் ஒரு பொருளுக்கு மதிப்பைத் தந்துவிடாது. அது இல்லாமல் முடியாது என்ற தேவை யாருக்காவது இருக்க வேண்டும். ரூபாய்க்கு அந்தத் தேவையைச் சட்டமே உண்டாக்குகிறது, ஏனெனில் வரியை ரூபாயில்தான் கட்டியாக வேண்டும். எங்கள் தோட்டத்தின் விலை சரிந்தாலும் செடி காய்க்கும். பிட்காயினோ தன்னளவில் எதையும் விளைவிப்பதில்லை, அடுத்து வருபவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் லாபம். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலராக இருந்த விலை, ஓராண்டுக்குள் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. பின்னர் அந்த உச்சத்தையும் தாண்டியது உண்மைதான். ஆனால் வாரக் கூலி கொடுக்க வேண்டிய பட்டறையால் அதுவரை காத்திருக்க முடியுமா? பிட்காயினாவது மீண்டது, 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே சரிந்த லூனா என்ற இன்னொரு இணைய நாணயத்தில் பணம் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. பட்டறையின் மூலதனத்தைத் தொட வேண்டாம் என்று தம்பியிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

பதில் (சேலம், வரி ஆலோசகர்):
பிட்காயின் போன்றவற்றின் வணிகத்துக்குச் சேவை அளிக்க விடாமல் வங்கிகளைத் தடுத்த ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. எனினும் 2022 நிதிநிலை அறிக்கையில் அவற்றின் லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்பனைத் தொகையில் 1 சதவீத வரிப் பிடித்தமும் கொண்டுவரப்பட்டன. பிட்காயினில் வரும் நட்டத்தைப் பட்டறை லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. வரி வசூலிக்கப்படுவதால் அரசு அதைப் பணமாக ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. இருப்பு வெள்ளியை விற்பதாக இருந்தால், அதற்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் பில் போட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.