மான் பதிவேடு: அமெரிக்க அட்டவணை வன்னிக்குப் பொருந்துமோ?

குளக்கட்டு:
வட இலங்கையில, வன்னியின்ர மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துப் புள்ளிமானுக்கு மாதப் பதிவேடு ஒண்டு தொடங்குறம். மாதிரிக்கு எடுத்தது வட அமெரிக்க வெள்ளைவால் மான் அட்டவணை: கார்த்திகையில (நவம்பர்) இணை சேரும், வைகாசி (மே) கடைசியில குட்டி. இஞ்ச மாரியிலயும் சின்னக்குட்டி நிக்குது, கோடையிலயும் நிக்குது. என்ன மாதிரிக் குறிக்கிறது?

பாலைநிழல்:
அந்த அட்டவணையை விடுங்கோ. அது பகல் நீளத்தில ஓடுற மணிக்கூடு. மிச்சிகன், ஒன்ராறியோ பக்கம் கோடைப் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல, மார்கழியில 9 தான். பகல் சுருங்க மெலற்றோனின் எண்ட ஓமோன் கூடச் சுரந்து, பிணைமான் (பெண்மான்) எல்லாம் கார்த்திகை நடுவில சில கிழமைக்குள்ள வேட்கைக்கு வந்திடும். சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள். கார்த்திகை 13 இல சேர்ந்தால் ஆனி 1 இல குட்டி. பிந்திப் பிறந்தது பனி கொட்ட முதல் உடம்பு தேறாது.

வன்னி 9 பாகை வடக்கில கிடக்கு. வருசம் முழுக்கப் பகல் ஒரு மணித்தியாலம் அளவில்தான் கூடிக் குறையும். அதால புள்ளிமான் எந்த மாதமும் குட்டி போடும். கூடிக் குறையிறது மழையோடையும் புல்லோடையும்.

முதிரையடி:
அமெரிக்காவிலயே ஒரே அட்டவணை இல்லை. தெற்குப் புளோரிடாவில ஆடி, ஆவணியிலயே இணை சேரும். தெற்கு ரெக்சாசில மார்கழி. அலபாமாவின்ர பெரும்பகுதியில தை மாதம். ஆனால் அதே மாநிலத்துப் பாங்க்ஹெட் காட்டில முந்தும், அங்க விட்டது மிச்சிகன் மான் எண்டபடியால். வம்சம் தன்ர காலத்தைக் கொண்டுதான் வரும்.

பிந்தின குட்டி ஒண்டைக் கண்டவுடன கணக்குப் பிழை எண்டு நினைக்கவேண்டாம். சினைப்படாத பிணை 28 நாள் அளவில திரும்ப வேட்கைக்கு வரும்.

குளக்கட்டு:
அப்ப பதிவேட்டில என்னென்ன நிரல் போடுறது?

பாலைநிழல்:
பிணை, சின்னக்குட்டி, கலை (ஆண்மான்). கலையைக் கட்டாயம் மூண்டாப் பிரியுங்கோ: கொம்பு விழுந்தது, தோல் மூடினது, காய்ஞ்சது. தோல் மூடின கொம்பு நுனி மொட்டையா, மயிர் படர்ந்து தடிப்பாத் தெரியும். முத்தினாப் பிறகு தோல் கீலங்கீலமாத் தொங்கும். மரத்தில உரைஞ்சு கழட்டும். காய்ஞ்ச கொம்புக்காரன்தான் பிணைக்குப் பின்னால திரிவான். ஒரே கூட்டத்தில மூண்டு விதமும் நிக்கிறதே இஞ்சத்தை அடையாளம்.

புள்ளியை வச்சுக் குட்டியின்ர வயசு சொல்லாதேங்கோ. வெள்ளைவால் குட்டிக்கு 3, 4 மாதத்தில புள்ளி மறையும், புள்ளிமானுக்குச் சாகுமட்டும் இருக்கும். முதுகு தாயின்ர வயிற்றுக் கோட்டுக்குக் கீழ நிண்டால் மட்டும் சின்னக்குட்டி எண்டு எழுதுங்கோ. பிறந்த நாள் கிட்டத்தட்டப் பிடிபட்டால், புள்ளிமானின்ர சினைக்காலமான ஏழரை மாதத்தைப் பின்னால எண்ணுங்கோ: தை நடுவில பிறந்தது வைகாசிக் கடைசியில சினைப்பட்டது.

முதிரையடி:
வெறும் எண்ணிக்கையை எழுதிப்போட்டு விடவேண்டாம். கோடையில காட்டுக்குள்ள தண்ணி வத்த, மான் எல்லாம் குளத்தடிக்கு இறங்கும். குட்டி கூடினமாதிரித் தெரியும். 100 பிணைக்கு எத்தனை குட்டி எண்டு கணக்கிட்டால் அந்தப் பிழை வராது. பிறந்த முதல் நாட்களில குட்டி பத்தைக்குள்ள ஒளிச்சுக் கிடக்கும், எண்ணிக்கையில வராது. அப்பிடிக் கிடக்கிறதைத் தாய் விட்டிட்டுப் போனது எண்டு தூக்கவேண்டாம். ஆள் விலகினால்தான் தாய் பால் குடுக்க வரும்.